இருபத்துமூன்றாம் எண் வண்டி

ஜனவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் இவளும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். என் கழுத்துவலி மட்டும் என்னை விடுவதாக இல்லை. உன் காது இரைச்சல் எப்படி இருக்கிறது? மருத்துவர் கொடுத்த அடைப்பானை வைத்துக்கொண்டு பட்டறையில் நிற்கிறாயா, இல்லை அது இன்னும் டப்பாவிலேயே தூங்குகிறதா? போனில் பேசினால் உனக்குப் பாதி கேட்பதில்லை. கேட்ட மாதிரி "ம்ம், ம்ம்" கொட்டிவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஒரு நல்ல செய்தி. மார்ச்சில் நடக்கிற பெரிய பைக் கண்காட்சியில் வடிவமைப்புப் போட்டிக்கு என்னை நடுவராகப் போட்டிருக்கிறார்கள். மொத்தம் ஐந்து பேர். தலைவர் ஒரு கம்பெனியில் முப்பது வருடம் வண்டி வரைந்து ஓய்வுபெற்றவர். அப்புறம் ஒரு இன்ஜினியர், ஒரு ஓவியர், முன்னாள் பந்தய வீரர் ஒருவர், கல்லூரியில் வாகன வரைகலை சொல்லிக்கொடுக்கிற உன் தம்பி. ஆயிரம் சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும்தான் போட்டி.

முதல் கூட்டத்திலேயே அடிதடி. வண்டிகளை எப்படி வகை பிரிப்பது என்றுதான். இன்ஜினியர் குதிரைசக்தியை வைத்துப் பிரிக்கச் சொல்கிறார். ஓவியர் கோடுதான் எல்லாம் என்கிறார். எந்தக் கோடு என்று கேட்டால் காற்றில் கையை ஆட்டிக் காட்டுகிறார். கடைசியில் பந்தய வகை, சாய்வு வகை, நெடும்பயண வகை, திறந்த வகை என்று நான்கு பெயர் மட்டும் முடிவாயிற்று. மூடி எதுவும் இல்லாமல் இன்ஜின் வெளியே தெரிகிற வண்டிகள் திறந்த வகை. எந்த வண்டியை எதில் போடுவது என்பதற்கு இன்னும் அளவுகோல் இல்லை.

செய்தவர் பெயர் எங்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். பெயர் ஒட்டிய உறையில் இருக்கும். யாருடைய வேலை என்று ஒரு நடுவருக்குத் தெரிந்துவிட்டால் அதைச் சொல்லி, அந்த ஒரு வண்டிக்கு மட்டும் மார்க் போடாமல் விலக வேண்டும். ஒவ்வொரு வகையிலும் முதலில் வருகிற வண்டி ஒரு வருடம் அருங்காட்சியகத்தில் நிற்கும்.

அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லிவை. அவர் எதையாவது அனுப்பினால் எனக்குத் தர்மசங்கடம்.

உன் அன்புத் தம்பி


ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. காது பழையபடிதான், அடைப்பானும் டப்பாவில்தான். உன் கழுத்துக்குக் காரணம் இரண்டு தலையணை. ஒன்றை எடுத்துப் போடு.

நடுவர் ஆனதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? லாரிக்குப் பெயின்ட் அடிக்க வந்தவரிடம்கூடச் சொல்லிவிட்டேன். அவர் எதற்கு நடுவர், கபடிக்கா என்று கேட்டார்.

வகை பிரிக்க இவ்வளவு சண்டையா? வெறும் வண்டியை நிறுத்திவைத்துப் பார்த்தால் குழப்பம்தான் வரும். ஒரு ஆளை ஏற்றி உட்காரவையுங்கள். பிறகு மனதுக்குள்ளே வண்டியை அழித்துவிட்டு ஆளை மட்டும் பாருங்கள். குனிந்து எதையோ துரத்துகிற மாதிரி இருந்தால் பந்தயம். மல்லாக்கச் சாய்ந்திருந்தால் சாய்வு. நாற்காலியில் நாள் முழுக்க உட்காரப்போகிறவன் மாதிரி இருந்தால் நெடும்பயணம். எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று முழங்காலில் கை வைத்தவன் மாதிரி இருந்தால் உங்கள் திறந்த வகை. அழகு அதற்கப்புறம்தான். அந்த ஆள் செய்யப்போகிற காரியத்துக்கு வண்டியின் உடம்பு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

உன் அத்தான் போட்டிக்கு எதுவும் அனுப்பவில்லை. அவருக்கு லாரி கதவுகளுக்கே நேரம் சரியாக இருக்கிறது. பின்கட்டில் நான்தான் ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அருங்காட்சியகத்தில் வண்டிக்குக் கீழே யார் பெயர் போடுவார்கள்? பட்டறை பெயரா, செய்த ஆளின் பெயரா?

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு தலையணைக்கு வந்துவிட்டேன். வலி பாதி குறைந்துவிட்டது. நீயும் என் பேச்சைக் கேட்டு அடைப்பானை எடுக்கலாம்.

நீ எழுதிய ஆளை உட்காரவைக்கும் யோசனை கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பந்தய வீரர் மேஜையைத் தட்டினார். தலைவர் அதையே விதியாக எழுதச் சொல்லிவிட்டார். "இவ்வளவு நாளா இது நமக்குத் தோணலையே" என்று என் தோளில் கை போட்டார். யாருடைய யோசனை என்று சொல்ல வாய் எடுத்தேன், அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

பெயர் பற்றிக் கேட்டிருந்தாயே, செய்த ஆளின் பெயர்தான். பட்டறை, கம்பெனி எதுவும் கூடாது. தகட்டைத் தட்டி உருவாக்கிய கை யாருடையதோ அவர் பெயர், பித்தளையில். எதற்குக் கேட்டாய்?

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். சும்மாதான் கேட்டேன். அப்பாவுக்குப் பிறகு இந்தப் பட்டறையிலிருந்து இருபத்தாறு வருடமாக வெளியே போன எல்லா வண்டியிலும் உன் அத்தான் பெயர்தான் இருக்கிறது. அதனால் கேட்டேன்.

வண்டிகளை நேரில் பார்ப்பீர்களா, படத்திலா? நேரில் என்றால் மேலே மட்டும் பார்க்காதே. அடியிலும் கையை விட்டுப் பார்.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

போட்டி முடிந்தது. நாற்பத்தொரு வண்டிகள். மூன்று நாள் மண்டபத்தில் சுற்றிச்சுற்றிக் கால் வீங்கிவிட்டது. பாதி வண்டிகள் முகத்தைக் கோணிக்கொண்டு பயமுறுத்துகிற ரகம். திறந்த வகையில் இருபத்துமூன்றாம் எண் என்று ஒன்று நின்றது. கறுப்பு. ஸ்டிக்கர் கிடையாது, பளபளப்பு கிடையாது. டேங்கில் ஆரம்பித்த வளைவு சீட்டுக்கு அடியில் போய் வால் வரைக்கும் ஒரே மூச்சில் போகிறது. ஓவியர் இந்தத் தடவை காற்றில் கையை ஆட்டவில்லை, அந்த வளைவையே தடவிக் காட்டினார். பந்தய வீரர் ஏறி உட்கார்ந்தார், இறங்க மனசில்லை.

நீ சொன்னபடி டேங்குக்கு அடியில் கையை விட்டேன். யாரும் பார்க்காத இடத்தில்கூட இணைப்பைப் பட்டி பூசி மறைக்கவில்லை. அரத்தாலேயே வழித்து எடுத்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் கீறல்கள் எல்லாம் தலை வாரினதுபோல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. உடனே டார்ச்சை அணைத்துவிட்டேன். இந்த வேலை செய்ய எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பட்டறைதான் உண்டு. அத்தான் அனுப்பவில்லை என்று நீ எழுதினாயே அக்கா! என்னிடம் மறைக்கலாமா?

அந்த வண்டியைத் திறந்த வகையிலிருந்து நெடும்பயண வகைக்கு மாற்றவேண்டியதாயிற்று. உட்காருகிற ஆள் நிமிர்ந்து இருக்கிறான், அதனால் நெடும்பயணம் என்று முடிவு. அங்கே பெட்டி மாட்ட இடம் இல்லை, காற்றுத்தடுப்பு இல்லை என்று மார்க் குறைந்து கடைசியில் நின்றது. அத்தானிடம் பக்குவமாகச் சொல். ஒன்று மட்டும் நிச்சயம், சொந்தக்காரனுக்குச் சாதகம் செய்தேன் என்று நாளைக்கு ஒருத்தன் விரல் நீட்ட முடியாது.

உன் அன்புத் தம்பி


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் அத்தான் எதுவும் அனுப்பவில்லை என்று ஜனவரியிலேயே எழுதினேன். நான் உன்னிடம் பொய் சொன்னதில்லை.

அந்த வண்டியை வகை மாற்றியது யார்? தலைவரா?

அக்கா


மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகம்தானே? காதுக்கு வேறு மருத்துவரைப் பார்க்கலாமா? இங்கே ஒருவர் நன்றாகப் பார்க்கிறார் என்கிறார்கள். நீ வந்தால் நானே கூட்டிப்போகிறேன். பத்து நாள் இருந்துவிட்டுப் போ. பிள்ளைகளுக்கும் பரீட்சை முடிந்துவிட்டது. பெரியவன் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

பெயர் உறைகளை நேற்றுப் பிரித்தார்கள். இருபத்துமூன்றாம் எண் உறையில் உன் கையெழுத்து. முதலில் அத்தானுக்காக நீ எழுதிக் கொடுத்தாய் என்று நினைத்தேன். அப்புறம் பெயரைப் படித்தேன். 'செய்தவர்' என்ற இடத்தில் உன் பெயர்.

ஏன் அக்கா சொல்லவில்லை? பிரமாதமான வேலை. மனசாரச் சொல்கிறேன், மண்டபத்தில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. அடுத்த தடவை நிச்சயம் உனக்குத்தான்.

வெயில் கடுமையாக இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடி.

உன் அன்புத் தம்பி


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. வராது என்று தெரியும். நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் காது மருத்துவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். எழுதும்போதே வெட்கமாக இருந்தது.

வகை மாற்றியது நான்தான்.

தலைவர் இல்லை, வேறு யாரும் இல்லை. மற்ற நான்கு பேரும் அதைத் திறந்த வகையில் முதலாவதாகக் குறித்து வைத்திருந்தார்கள். நான்தான் எழுந்து, ஆள் நிமிர்ந்து உட்காருகிறான், நம் விதிப்படி இது நெடும்பயணம் என்று வாதாடினேன். விதியை நான் கொண்டுவந்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்ததால் என் பேச்சு எடுபட்டது. நீ சொல்லிக்கொடுத்த அளவுகோலை வைத்தே உன் வண்டியைத் தள்ளிவிட்டேன் அக்கா. முழங்காலில் கை வைத்தவன் என்று நீ எழுதியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த வண்டியில் பந்தய வீரர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.

நேர்மைக்காகச் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நேர்மை என்றால் விதி சுலபமாகத்தான் இருந்தது. கையைத் தூக்கி, இது எங்கள் வீட்டு வேலை, நான் மார்க் போட மாட்டேன் என்று சொன்னால் முடிந்தது. அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏனென்றால் அங்கே எல்லோரிடமும் எங்கள் குடும்பம் இரும்பு வியாபாரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லி வருகிற பொய். பட்டறை என்று சொன்னால் என்னை ஒரு படி கீழே வைப்பார்கள் என்று பயம். அவ்வளவுதான். இந்த அற்பக் காரணத்துக்காகத்தான் செய்தேன். மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை. அது உனக்கு ஆறுதல் இல்லை என்பதும் தெரியும்.

ஜூன் முப்பது வரை நடுவர்கள் முடிவைத் திருத்தலாம். நான் போய் நடந்ததைச் சொன்னால் என்னை நீக்குவார்கள். கல்லூரி வரைக்கும் பேச்சு போகும். நீயே சொல் அக்கா. சொல்லட்டுமா, வேண்டாமா? நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

இங்கே நலம்.

நான் வேண்டாம் என்பேன் என்று தெரிந்துதான் கேட்கிறாய். நான் வேண்டாம் என்றால் உன் வேலையும் தப்பிக்கும், மனசாட்சியும் தப்பிக்கும். அக்காவே விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நிம்மதியாகத் தூங்கலாம். என்னைக் கேட்காதே. உன் தலையெழுத்தை நீயே தீர்மானித்துக்கொள்.

ஆனால் ஒன்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ நடுவர் என்று எழுதிய பிறகுதான் நான் அந்த வண்டியை அனுப்பவே முடிவு செய்தேன். சலுகைக்காக இல்லை. யார் வேலை என்று தெரிந்தால் நடுவர் சொல்லிவிட்டு விலக வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அந்த வரிக்காக. நீ டேங்குக்கு அடியில் கையை விடுவாய், உடனே தெரிந்துகொள்வாய், கையைத் தூக்கி "இது என் அக்கா செஞ்சது" என்று நான்கு பேர் முன்னால் சொல்வாய் என்று நினைத்தேன். உன் மார்க் எனக்குக் கிடைக்காது என்று தெரியும். மார்க்கைவிட அந்தப் பேச்சுதான் எனக்கு வேண்டியிருந்தது. பதினான்கு மாதம் அந்த வண்டியைத் தட்டினேன். உன் கடிதம் வந்த பிறகு, நீ அதைச் சொல்வது எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் தட்டினேன், பைத்தியக்காரி மாதிரி.

கீறல் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது என்று எழுதினாய். எந்தப் பக்கம் என்று பார்த்தாயா? இடது கையால் அரம் பிடிக்கிற ஆள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். என் கூடவே வளர்ந்தவன் நீ. கண்ணால் பார்த்து, கையால் தடவி, அத்தான் வேலை என்று எழுதினாய்.

வகை மாற்றியதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அக்கா


ஜூன் 27

அக்கா,

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதக்கூட எனக்குத் தகுதி இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், பார்த்துக்கொள்.

நேற்று எல்லோரையும் கூட்டச் சொல்லி, சொல்லிவிட்டேன். நின்றுகொண்டுதான் சொன்னேன். "இருபத்துமூணாம் நம்பர் என் அக்கா செஞ்சது. நாங்க பட்டறை வீடு. அந்த விதியும் அவ சொன்னதுதான்."  பந்தய வீரர், இரும்பு வியாபாரம் என்றீர்களே என்று கேட்டார். பொய் சொன்னேன் என்றேன். அவர் அதற்கப்புறம் என்னைப் பார்க்கவில்லை. தலைவர் மட்டும், பார்த்தவுடனே அக்கா வேலை என்று தெரிந்ததா என்று கேட்டார். இல்லை, அத்தான் வேலை என்று நினைத்தேன் என்று சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

என் வாதத்தையும் மார்க்கையும் அடித்துவிட்டு வண்டியைத் திறந்த வகைக்கே கொண்டுபோனார்கள். நான்கு பேரும் பழைய குறிப்பின்படியே மார்க் போட்டார்கள். முதலிடம் உனக்கு. அங்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்க எனக்கு முகம் இல்லை. என்னை நடுவர் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கல்லூரியில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அதெல்லாம் என் பாடு.

ஜூலை இருபதாம் தேதி அருங்காட்சியகத்தில் பித்தளைத் தகடு வைக்கிறார்கள். நான் வரட்டுமா? உன் பக்கத்தில் நிற்க வேண்டும்போல் இருக்கிறது. இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், இதை நான் தீர்மானிக்க முடியாது.

தம்பி


ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் அவளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். கல்லூரியில் என்ன சொன்னார்கள் என்று எழுது. கவலையாக இருக்கிறது.

குழுவிலிருந்து கடிதம் வந்தது. உன் அத்தான் உரக்கப் படித்துக் காட்டினார். எனக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது. கேட்காத மாதிரி இருந்து மூன்று தடவை படிக்கவைத்தேன். மூன்றாவது தடவை அவர் பாதியிலேயே கடிதத்தை மடித்துவிட்டார். "வந்தவங்க எல்லாம் என்னைப் பாராட்டறப்ப, நீதான் செஞ்சேன்னு நானும் வாயைத் திறக்கலையே" என்றார். ஆமாம், திறக்கவில்லை என்றேன். அன்றைக்கு இரண்டு பேரும் சீக்கிரம் பட்டறையை மூடிவிட்டோம்.

நீ எழுந்து நின்று சொன்னதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. மார்ச்சில் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றும் தோன்றியது. எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசை; எழுதினால் அது பொய்.

இருபதாம் தேதி வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வராதே. நீ வந்தால் அழுவாய். நான் உன் தோளைத் தட்டி, பரவாயில்லைடா, விடு என்று சொல்வேன். எனக்கு அதுதானே பழக்கம். அந்த ஒரு நாளாவது யாரையும் தேற்றாமல் என் பெயருக்கு முன்னால் நான் நிற்க வேண்டும்.

அடுத்த மாதம் ஒருநாள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வா. பார்த்தபிறகு எழுது, நானும் பதில் எழுதுகிறேன்.

அக்கா